ஒரே கப்பலில் வந்த காசுகள்

எங்கள் நாணயச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி இருக்க வேண்டுமாம். நான்கு பக்கத்துக்குள் முடிய வேண்டுமாம். முக்கியமாக, யார் மனமும் புண்படக் கூடாதாம். முதல் இரண்டுக்கும் சரி என்றேன். மூன்றாவதுக்குப் பதில் சொல்லாமல் காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

பிள்ளைகளே, உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. தெப்பக்குளத்துக்குப் பின்னால், வளையல் கடைக்கும் குடை ரிப்பேர் கடைக்கும் நடுவில் இருக்கிற பழங்காசுக் கடை என்னுடையது. இப்போது மகள் பார்த்துக்கொள்கிறாள். நான் இருந்த காலத்தில் கடைக்குள் வருகிறவர்கள் முதலில் கேட்ட கேள்வி, "சார் இல்லையா?" என்பதுதான். "சார் வெளியில போயிருக்கார், வர நேரமாகும், அதுவரைக்கும் நான் பாக்கறேன் குடுங்க" என்று சொல்லியே முப்பது சொச்சம் வருஷம் ஓட்டினேன். அப்படி ஒரு சார் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

காசைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது, எடை போடுவது, விளிம்பைத் தடவுவது எல்லாம் நீங்கள் யூடியூபில் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்துப் பேர் சுற்றி நின்று அவசரப்படுத்தும்போது எப்படி வாயைத் திறப்பது, எப்படி மூடுவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்பானியக் காசு எப்படித் திருச்சிக்கு வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பெயின்காரர்கள் ஆண்ட இடங்களில் வெள்ளி வெட்டி, அங்கேயே காசு அடித்தார்கள். அந்தக் காசைத்தான் ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக இங்கே கொண்டுவந்து துணி வாங்கின. வந்ததில் பெரும்பகுதி இங்கே உருகி ரூபாயாகிவிட்டது. மிச்சம் மீதி சில பூஜைப் பெட்டிகளில் தங்கியது. சில, கரை சேராமல் கடலில் கிடக்கின்றன.

பூஜைப் பெட்டியில் தங்கியதற்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மணப்பாறையில் மாட்டுத் தரகு பார்த்த ஒருவர் போன் செய்தார். பரம்பரையாக வைத்திருந்த பெரிய வெள்ளிக் காசு ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொன்னார். கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தது. மேடத்திடம் அழுக்காகக் காட்டக் கூடாது என்று, வீட்டு அம்மாள் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாராம். ஸ்பானிய ராஜாவுக்கு மூக்கு இல்லை. இருநூறு வருஷம் பிழைத்திருந்த மூக்கு ஒரு எலுமிச்சங்காய் அளவு புளியில் போய்விட்டது. அன்றிலிருந்து யார் போன் செய்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்பே "கழுவாதீங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

கடலில் கிடந்ததன் கதைதான் பெரியது.

அப்போது எங்கள் சங்கத் தலைவர் தில்லை நகரில் பல் மருத்துவமனை வைத்திருந்தவர். கைராசிக்காரர், நல்ல மனிதர், எதையும் நம்புவார். அவர் இணையத்தில் ஒரு ஸ்பானியக் காசு வாங்கினார். மூழ்கிப்போன கப்பலிலிருந்து எடுத்ததாம். ஒரு பக்கம் சிலுவை, அதன் மூலைகளில் சிங்கமும் கோட்டையும், அங்கங்கே அழகாகக் கறுப்பு. கூடவே ஒரு மரப் பெட்டி, ஒரு சான்றிதழ், ஒரு குட்டிப் பாட்டிலில் கடல் மணல். மணலுக்கும் தனியாக ஒரு சான்றிதழ் இருந்தது.

தலைவர் வாங்கினால் உபதலைவர் சும்மா இருப்பாரா? காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிற உபதலைவர் அதே இடத்தில் ஒன்று வாங்கினார். பிறகு பொருளாளர். பிறகு செயற்குழு மொத்தமும். இரண்டு மாதத்தில் பத்துப் பதினைந்து பேர் வீட்டில் கப்பல் மூழ்கியாயிற்று. கொள்ளிடத்தில் கணுக்காலுக்கு மேல் இறங்காதவர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் ஒருவரை ஒருவர் "வணக்கம் கேப்டன்" என்று விசாரித்துக்கொண்டார்கள். குழுவின் பெயரையே 'ஆழ்கடல்' என்று மாற்றினார்கள். தலைவர், நோயாளியின் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, புயலில் பாய்மரம் முறிந்த கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். எழுந்து போகவும் முடியாது, போதும் என்று சொல்லவும் முடியாது. நானே இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

ஒவ்வொருவரும் தங்கள் காசைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்கள். கவனியுங்கள், காட்டினார்கள், கேட்கவில்லை. சீல் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே காட்டினார்கள். தனியாக ஒன்றைப் பார்க்கும்போது குறை சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. கொஞ்சம் அதிகப்படியாக ஒழுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு காசைப் போலி என்று சொல்லிவிட முடியாது. "நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்தி அனுப்பினேன்.

அந்த வருஷம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். இரண்டு முகூர்த்தங்களுக்கு நடுவில் மண்டபம் கிடைத்தது. வாசலில் வாழைமரம் அப்படியே இருந்தது, மணமக்கள் பெயர்கூட இன்னும் இறக்கப்படவில்லை. அதைப் பார்த்து மொய்க்கவரோடு உள்ளே வந்துவிட்ட ஒரு தம்பதி, விஷயம் தெரிந்த பிறகும் முதல் வரிசையில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் இருந்தார்கள். மண்டபத்து மானேஜர் நுழையும்போதே சொல்லிவிட்டார். "சாயங்காலம் நிச்சயதார்த்தம் இருக்கு. ரெண்டு மணிக்குள்ள ஒழிச்சுக் குடுத்துடுங்கோ. கண்ணாடிப் பெட்டியெல்லாம் மேடையில வெக்காதேள், அங்கதான் பெருமாள் படம் வெப்பா."

நடுக்கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. 'மூழ்கிய கப்பலின் புதையல்' என்று தங்க எழுத்தில் பலகை. செயற்குழுவின் காசுகள் எல்லாம் முதல்முறையாக ஒரே இடத்தில். பக்கத்தில் ஒரு மேசை போட்டு, 'உங்கள் வீட்டுக் கப்பல் காசைக் கொண்டுவாருங்கள், உடனுக்குடன் ஆய்வு' என்று அறிவித்திருந்தார்கள். தலைவர், உபதலைவர், நான் மூவரும் நடுவர்கள். சிறப்பு விருந்தினர், ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு என்ஜினியர். காலையிலிருந்து என்னென்னவோ வந்தது. கப்பல் படம் போட்ட தீப்பெட்டிகூட வந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு அம்மாளும் ஒரு பெரியவரும் வந்தார்கள். அம்மாள் மேலப்புதூரில் இருக்கிற பிலோமினா டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். நரைத்த கொண்டை, இஸ்திரி போட்ட காட்டன் புடவை. பெரியவர் தலைக்கு மை பூசி, முழுக்கைச் சட்டையை மடிக்காமல் போட்டிருந்தார்.

"வணக்கங்க மேடம். இவன் என் தம்பி சூசை. பொய் சொல்லுவான்" என்று டீச்சர் அறிமுகம் செய்துவைத்தார். "ஆனா இது ஒண்ணு மட்டும் நெஜம்னு மாதா மேல சத்தியம் பண்றான்."

சூசை அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நாகப்பட்டினத்தில் இளவயதில், மூழ்கிப்போன படகுகளிலிருந்து இரும்பு வெட்டி எடுக்கிற வேலையாம் அவருக்கு. ஒரு நாள் ஒரு திமிங்கலம் துரத்தியதால் அந்தத் தொழிலை விட்டுவிட்டு ஐஸ் கம்பெனிக்குப் போய்விட்டாராம். மனைவி இறந்த பிறகு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். இதைச் சொல்லி முடிப்பதற்குள், தண்ணீருக்கடியில் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன் ஒருவர் ஜன்னல் வழியாக அவருக்கு சல்யூட் வைத்ததும் வந்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார் டீச்சர். "ரெண்டு வருஷமா இதான் மேடம். காலைல இட்லியோட கடல், ராத்திரி கஞ்சியோட கடல். நாப்பது வருஷம் பிள்ளைங்க சொல்ற பொய்யக் கேட்டாச்சு, இனிமே என்னால ஆகாது. நேத்து சொல்லிட்டேன். இந்தக் காசு நெஜம்னா நீ என்ன வேணாலும் பேசிக்க. இதுவும் பொய்யின்னா, என் வீட்ல கடல்ங்கற வார்த்தையே இனிமே வரக் கூடாது. சரின்னுட்டான்."

"சரின்னுதான் சொன்னேன்" என்றார் சூசை. குரல் திடீரென்று இறங்கியது. "ஆனா அத விட்டா எனக்குப் பேச வேற என்ன இருக்குங்க?"

கைக்குட்டையைப் பிரித்துக் காசை மேசைமேல் வைத்தார். பார்க்க லட்சணமாக இல்லை. அடுப்பில் கருகிப்போன பணியாரம் ஒன்றைத் தட்டையாக்கின மாதிரி இருந்தது. ஒரு ஓரம் மெலிந்து, ஒரு ஓரம் கல் ஒட்டி, முழுக்கக் கறுப்பு.

தலைவர் அதைத் தராசில் வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். "எடை ரொம்பக் குறையுதுங்க. எங்க காசு ஒவ்வொண்ணும் புஸ்தகத்துல போட்டிருக்கற எடை, கொஞ்சம்கூட மாறாது." பிறகு கண்ணாடிப் பெட்டியிலிருந்து தன் காசை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். "பாருங்க, ஒரு ஒத்துமையாவது இருக்கா? எங்களுது பதினஞ்சும் ஒண்ணுபோல இருக்கும். இது எதுமாதிரியும் இல்ல." உபதலைவர், வெங்காயம் சொத்தையா என்று பார்க்கிற மாதிரி காசை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். தலைவர் மைக்கை எடுத்தார். "அன்பார்ந்த பொதுமக்களே, இந்தப் பெரியவர் கொண்டுவந்திருப்பது போலி. இப்படிப்பட்ட போலிகளிடமிருந்து உங்களைக் காப்பாற்றத்தான் நம் சங்கம் அல்லும் பகலும் பாடுபடுகிறது." கைத்தட்டல். பின்வரிசையில் ஒருவன், "தாத்தா, தோசக்கல்லுல சுரண்டுனதா?" என்று கத்தினான். சிரிப்பு. நாலைந்து பேர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

 சூசைக்குத் திமிங்கலம் துணைக்கு வரவில்லை. டீச்சர் காசை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். "வாடா, போலாம்" என்றார் மெதுவாக. அவர் தம்பியைத் திட்டியிருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன். திட்டாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"டீச்சர், ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றேன். "மூணாவது நடுவர் இன்னும் வாயத் தொறக்கல."

தலைவர் குனிந்து என் காதில், "மேடம், சீஃப் கெஸ்ட் கிளம்பணும்னு சொல்றாரு. சாப்பாடு வேற ஆறுது. ஆமாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு முடிச்சிடுங்களேன்" என்றார்.

பிள்ளைகளே, இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உங்களை யாராவது அவசரப்படுத்தினால், உடனே சூடாக ஏதாவது கேளுங்கள். நான் காபி கேட்டேன். காபி வந்து, அது ஆறி, அதைக் குடித்து முடிக்கும் வரைக்கும் எந்தத் தலைவரும் ஒரு பெண்பிள்ளையை நெருக்க முடியாது. அந்த நேரம் முழுக்க என்னுடையது.

காசைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். கறுப்புக்கு அடியில் சிலுவையின் ஒரு கை. அதன் மூலையில் பாதிக் கோட்டை. மெலிந்த ஓரம் யாரும் ராவி மெலிந்தது இல்லை. கடல் உப்பு வெள்ளியைத் தின்னும். தின்ற காசு எடை குறையத்தான் செய்யும். குறையாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கல் என்று நினைத்தது ஒரு பொடிச் சிப்பி. மேலே ஒட்டவைத்தது இல்லை. காசின் பள்ளத்துக்குள்ளேயே பிறந்து அந்தப் பள்ளத்தின் வடிவிலேயே வளர்ந்திருந்தது. அப்படி ஒன்றைச் செய்து ஒட்டுகிற தொழிலாளி இருந்தால், அவன் காசு விற்றுப் பிழைக்க வேண்டிய அவசியமே இல்லை.

"இத எப்படி எடுத்தீங்க?" என்று சூசையிடம் கேட்டேன்.

"அன்னிக்கு, மேடம், பெரிய திமிங்கலம் ஒண்ணு..."

"திமிங்கலம் வேண்டாங்க."

அவர் என்னையே பார்த்தார். "கையில மாட்டுச்சு" என்றார். "அவ்ளோதான்."

பிறகு எழுந்து கண்ணாடிப் பெட்டியிடம் போனேன். காபி டம்ளர் கையில் இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. எல்லாக் காசையும் ஒரே வரிசையில், ஒரே பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். பார்த்தேன். கீழ் இடது மூலைச் சிங்கத்தின் வாலில் ஒரு சின்னப் பள்ளம். அடுத்ததிலும் அதே வாலில் அதே பள்ளம். அதற்கடுத்ததிலும். 

அந்தக் காலத்துக் காசை ஒவ்வொன்றாகக் கையால் சம்மட்டி கொண்டு அடிப்பார்கள். ஒன்று கோணலாக இருக்கும், ஒன்றில் சிலுவை நகர்ந்திருக்கும், ஒன்றில் சிங்கமே இருக்காது. தேய்வதும் அடிபடுவதும் அதன் அதன் தலைவிதிப்படி. அதில் இரட்டைப் பிள்ளைகள் கிடையாது. யாரோ ஒரு நல்ல காசை வைத்து அச்செடுத்து, அதன் காயத்தோடு சேர்த்து வார்த்துத் தள்ளியிருக்கிறார்கள். எங்கள் செயற்குழு அதே ஒற்றுமையைப் பார்த்துத்தான் புளகாங்கிதம் அடைந்திருக்கிறது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அத்தனை பேரும் என் கடையின் வாடிக்கையாளர்கள். மகள் அப்போதுதான் கல்லாவில் உட்கார ஆரம்பித்திருந்தாள். அதைவிட முக்கியமானது, தலைவர் எனக்கு வேர்ச் சிகிச்சை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியிருந்தார். அடுத்த வாரம் என் வாய் அவர் கையில். அவரைத் தனியாகக் கூப்பிட்டு மெல்லச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதுதான் நாகரிகம். ஆனால் அந்தப் பெரியவரைப் போலி என்று சொன்னது மைக்கில். மைக்கில் போன மானம் காதில் கிசுகிசுத்தால் திரும்பி வராது.

சிறப்பு விருந்தினரைக் கூப்பிட்டேன். அவர் கையில் பூதக்கண்ணாடியையும் மைக்கையும் கொடுத்தேன். "சார், ஒவ்வொரு காசுலயும் கீழ இருக்கற சிங்கத்தோட வால்ல ஒரு பள்ளம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

வாழ்நாளெல்லாம் தணிக்கை செய்தே பழகியவர். குஷியாகிவிட்டார். "ஒண்ணு, இருக்கு. ரெண்டு, இருக்கு. மூணு, இருக்கு" என்று மண்டபம் அதிர வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு 'இருக்கு'வுக்கும் தலைவரின் முகம் மலர்ந்தது. கடைசியில் அவரால் பொறுக்க முடியவில்லை. "பாத்தீங்களா! அத்தனையும் ஒரே கப்பல்! ஒரே கப்பல்ல வந்ததுக்கு இதவிட அத்தாட்சி வேணுமா?" கைத்தட்டல். நான் கைத்தட்டல் அடங்கும் வரை காத்திருந்தேன்.

"டாக்டர், ஒரு சந்தேகம். உங்ககிட்ட பதினஞ்சு பேஷண்ட் வர்றாங்க. பதினஞ்சு பேருக்கும் எக்ஸ்ரே எடுக்கறீங்க. எல்லாருக்கும் அதே பல்லு, அதே எடத்துல, அதே அளவு சொத்தை. என்ன நெனப்பீங்க?"

தொழில் என்று வந்துவிட்டால் அவர் கெட்டிக்காரர். மைக்கிலேயே பளிச்சென்று பதில் சொன்னார். "இதென்ன கேள்வி? ஒரே ஆளோட எக்ஸ்ரேவ எல்லாருக்கும் பிரிண்ட் போட்டு ஏமாத்..."

அங்கே நின்றுவிட்டார்.

 சிறப்பு விருந்தினர் ஒரு காசின் விளிம்பை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, "ஆமாமா, இது வார்ப்பு. ஜாயின்ட்கூடத் தெரியுதே" என்றார். மொய்க்கவர் தம்பதி மட்டும் கைதட்டினார்கள்.

நான் மைக்கை வாங்கினேன். "பெரியவர் சூசை கொண்டுவந்த காசு என் கண்ணுக்கு அசல். கடலுக்கடியில ரொம்பக் காலம் கெடந்திருக்கு. உலோகத்த லேப்ல சோதிச்சுப் பாக்கட்டும். என் பேச்சு மாறாது" என்றேன்.  சூசை சட்டைக்கை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் கத்தியவன் அதற்குள் சாப்பாட்டுக்குப் போய்விட்டான்.

இனி நடந்ததைப் பார்த்து நீங்கள் ஆச்சரியப்படக் கூடாது. செயற்குழுவுக்குக் கோபம், விற்றவன்மேல் வரவில்லை, என்மேல் வந்தது. அன்று மாலையே 'ஆழ்கடல்' குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். விற்றவனுக்கு என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியாததால் மறுநாள் காலை திரும்பச் சேர்த்தார்கள். தலைவர் ஒரு வாரம் வாட்டமாக இருந்தார். பிறகு அதே காசுகளை, அதே பெட்டியில், 'போலிகளை அறிவோம்' என்ற புதுப் பலகையோடு வைத்து, ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்ய ஆரம்பித்தார். நிறையப் பொன்னாடை சேர்ந்தது. என் பல்லைக் குறை சொல்ல முடியாதபடி முடித்துக்கொடுத்தார். ஆனால் வாயில் பஞ்சு இருந்த அரைமணி நேரமும், ஒரே வாலில் ஒரே பள்ளம் இருந்தால் அது போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை எனக்கு விளக்கிச் சொன்னார்.

அவர் சூசையின் காசை வாங்கிக்கொள்ளவும் ஆசைப்பட்டார். நான் குறுக்கே விழுந்தேன். கடலிலிருந்து வந்த இவ்வளவு பழைய பொருள் எடுத்தவருக்குச் சொந்தம் ஆகாது, அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னேன். டீச்சர் அப்போதே சரி என்றார். சூசையின் முகம் வாடிப்போயிற்று. "அப்பறம் நான் எதக் காட்டறது?" என்று கேட்டார். ஒப்படைக்கப் போன இடத்தில், இது கடல் சம்பந்தப்பட்டது என்று ஒருவர் அனுப்ப, இது காசு சம்பந்தப்பட்டது என்று இன்னொருவர் திருப்பியனுப்ப, மூன்றாவது ஒருவர் "ஸ்பெயின் நாட்டுக்குத் தகவல் சொல்லிட்டீங்களா?" என்று விசாரிக்க, கடைசியில் ஒரு வழியாக அருங்காட்சியகத்தில் வாங்கிக்கொண்டார்கள். சோதனையில் வெள்ளி, அந்தக் காலத்துக் கலவை என்று வந்தது.

போலியைப் பிடித்த கதையோடு இதை முடித்தால் மலர்க் குழுவுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் நான் சொல்ல வந்த பாடம் அது இல்லை. நாம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அசல், போலி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த காசை எடுக்கிறோம். அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு போனவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். போலி என்று சொன்ன வீட்டுக்குப் போக வேண்டாம், சாப்பிட ஒன்றும் கிடைக்காது. அசல் என்று சொன்ன வீட்டுக்குப் போங்கள்.

நான் மேலப்புதூருக்குப் போனேன். சோதனை முடிவைச் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். திமிங்கலத்தை முழுதாகக் கேட்கவும் தயாராகத்தான் போனேன். சூசை வாசலிலேயே வணக்கம் சொன்னார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார். தலையில் மை இல்லை, வெள்ளையாக இருந்தது. சோதனை முடிவைச் சொன்னேன். "சந்தோஷங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"இப்படித்தான் மேடம் இருக்கான்" என்றார் டீச்சர். குரலில் கவலை தெரிந்தது. "அந்தக் கண்காட்சியிலேர்ந்தே இப்படி. கேலி பண்ணிட்டேனேன்னு எனக்குத்தான் மனசு ஆறல. என்ன வேணாலும் பேசுடான்னு சொல்லியாச்சு. நானே கேக்கறேன், திமிங்கலம் எவ்ளோ பெருசுடா, சல்யூட் வெச்ச கேப்டன் எந்த நாட்டுக்காரன்னு. வாயத் தொறக்க மாட்டேங்கறான்."

"என்ன ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

சூசை தரையைப் பார்த்தபடியே சொன்னார். "முன்னெல்லாம் அக்கா நம்பாதுன்னு தெரியும்ங்க. அந்தத் தைரியத்துல என்ன வேணாலும் சொல்லுவேன். இப்ப நம்பிடுதே. நம்பறவங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

டீச்சருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"திமிங்கலம் ஒண்ணும் வரலக்கா" என்றார். "அன்னிக்கு ஒரே கலங்கல். கை நீட்டினா கை தெரியல. தடவிக்கிட்டே போனேன். மரம் பட்டுச்சு. வரிசையா சட்டம் சட்டமா, நம்ம வீட்டுக் கூரைக்கு அடியில நிக்கற மாதிரி. கப்பல்னு அப்பதான் தெரிஞ்சுது. இதுக்குள்ள ஆளுங்க இருந்திருப்பாங்களே, கதவத் தட்டியிருப்பாங்களேன்னு தோணிப்போச்சு. அவ்ளோதான், ஒடம்பு நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. கையில எது மாட்டுச்சோ அதோட மேல வந்துட்டேன். அப்பறம் கடல்ல எறங்கவே முடியல. எறங்க நெனச்சாலே மூச்சு நின்னுடும். கூட இருந்தவனுங்க ஏன்டா எறங்க மாட்டேங்கறன்னு கேட்டானுங்க. பயந்துட்டேன்னு சொல்ல வாய் வரல. திமிங்கலம்னு சொல்லிட்டேன்."

 டீச்சர் எழுந்தார். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய்த் தம்பிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப ஒனக்கு என்னடா வயசு?"

"இருவத்தி ரெண்டு இருக்கும்க்கா."

"இத்தன வருஷம் இத ஒருத்தனாவா வெச்சிருந்த?"

சூசை தலையை மட்டும் ஆட்டினார். டீச்சர் அவர் தோளில் கை வைத்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையால் சுழித்த கை அது.

"சொல்லு" என்றார். "மொதல்லேர்ந்து சொல்லு. தண்ணி கலங்கலா இருந்துதுன்னியே, அங்கேர்ந்து."